நட்புக்கும் சொல்வார்கள்

'தே கியேரோ' என்பதை ஸ்பானிஷ்காரர்கள் அம்மாவிடமும் சொல்வார்கள், சிநேகிதரிடமும் சொல்வார்கள் என்று என் மனைவிக்கு விளக்கினேன். வழக்குப்படி அது சரி. அன்று நான் சொன்னது பொய்.

குன்னூரில் தேயிலைத் தொழிலில் இருப்பவன் நான். 1963 முதல் ஏலம் நடக்கும் ஊர். 1991இல் சோவியத் யூனியன் உடைந்து அந்தச் சந்தை சரிந்ததிலிருந்து, நீலகிரித் தேயிலைக்குப் புது நாடு தேடுவது இங்கே பலருக்குத் தீராத வேலை. தென் அமெரிக்காவில் தேநீர்ப் பைத்தியம் பிடித்த நாடு சிலி. மாலையில் 'ஓன்ஸே' என்று டீக்கென்றே ஒரு வேளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆசையில்தான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். ஒரு மூட்டைத் தூள்கூட அங்கே போய்ச் சேரவில்லை; பேசிப் பழக சாந்தியாகோவில் ஒருத்தி கிடைத்தாள். எனக்கு விடிகாலை, அவளுக்கு முந்தின ராத்திரி. வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்பைச் சொல்ல அந்த மொழியில் படிகள் உண்டு. 'மே குஸ்தாஸ்' முதல் படி. நம் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' போலவே, அங்கேயும் 'நான்' வராது, 'எனக்கு'தான் வரும். 'தே ஆமோ' மேல்படி. கனமான பேச்சு, லேசில் வாயில் வராது. நடுவில் நிற்பது 'தே கியேரோ'. 'கெரேர்' என்ற அந்த வினைக்கு லத்தீனில் தேடுதல் என்று வேர். அது 'வேண்டும்' என்றாகி, பிறகு அன்பும் ஆயிற்று. டீ வேண்டும் என்பதற்கும் அதுதான், பாட்டியைக் கொஞ்சவும் அதுதான். காதலுக்கும் அதுவே. 1924இல் வந்த நெரூதாவின் காதல் கவிதைத் தொகுப்பில், பிரிவைப் பேசும் இருபதாம் கவிதையில் திரும்பத் திரும்ப வருவதும் இந்த வினைதான். அதைப் படித்துவிட்டுத்தான் அவளுக்கு 'தே கியேரோ' என்று அனுப்பினேன். அவள் காதல் என்று எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி, பிடிபட்டால் நட்பு. இப்படி இரண்டு பக்கமும் கதவு இருந்ததால்தான் அந்தச் சொல்லையே எடுத்தேன். 'தே ஆமோ' எழுதும் தைரியம்கூட எனக்கு இல்லை.

மனைவி என் போனில் அதைப் பார்த்து, மொழிபெயர்ப்பில் போட்டிருக்கிறாள்.

"ஏங்க, 'ஐ லவ் யூ'ன்னு காட்டுதே?"

மெஷினுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்து, வேர்ச்சொல் வரைக்கும் போனேன். வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினேன். அந்த நிதானத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பிரெண்டுக்கே சொல்றதுன்னா, எங்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே?"

சிரித்து மழுப்பினேன்.

சாந்தியாகோக்காரியுடன் பேச்சு பிறகு நின்றுபோனது. நான் நிறுத்தியதாகச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லை. அவளுக்கு வேலை மாறியது, பதில்கள் குறைந்தன, அவ்வளவுதான். மனைவி இன்னும் என் விளக்கத்தை நம்புகிறாளா, நம்புவதாகக் காட்டுகிறாளா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. இந்தக் கட்டுரையையும் அவளிடம் காட்டாமல்தான் அனுப்புகிறேன்.