மச்சானின் இடுப்பும் வூர்ட்ஸ்பர்க் வீடும்

ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் வூர்ட்ஸ்பர்க். மெயின் நதி, குன்றின் மேல் கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். வருகிறவர்கள் அரண்மனையைப் பார்க்க ஓடுகிறார்கள். நானும் என் மச்சானும் போனது ரான்ட்ஜன் பெயர் வைத்த சாலையில் 8-ம் எண் கட்டடத்துக்கு. ஸ்டேஷனிலிருந்து பொடிநடைதான். மச்சான் கைத்தடியோடு மூன்று இடத்தில் நின்றார்.

1895 நவம்பர் 8-ம் தேதி சாயங்காலம், வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சோதனைச்சாலை இங்கேதான் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ‘ஸ்கேன் சமாசாரத்துல இனாமா?’ என்று மச்சான் நம்பவேயில்லை! அதே டிசம்பரில் மனுஷர் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்பும் மோதிரமும் அப்படியே விழுந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு. பேட்டன்ட் மட்டும் வாங்கவில்லை.

பழைய கருவிகளை முறைத்துப் பார்த்தார் மச்சான்.

‘‘எல்லாம் சரி மாப்ளே... இந்த எக்ஸ்ரே எனக்கு மட்டும் ஏன் நார்மல்னு பொய் சொல்லிச்சு?’’

நியாயமான கேள்வி. மச்சானுக்கு வயது 52. ஆஸ்துமாவுக்காகப் பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை. வலது தொடையிடுக்கில் நாலு மாதமாக வலி. ‘வாயு’ என்றார் ஒருவர், ‘எண்ணெய் தேய்’ என்றார் இன்னொருவர். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சாக ஆரம்பித்திருந்தது. வலியே இல்லாத இடது பக்கத்திலும் அதே கதை!

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. எலும்பின் உருவம், முறிவு, மூட்டு இடைவெளித் தேய்மானம் இதையெல்லாம் காட்டும். பந்து நசுங்கும் முன்னே உள்ளே மஜ்ஜையில் நடப்பதைக் காட்ட எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். எக்ஸ்ரேக்குத் தப்பும் மயிரிழை விரிசலும் அதில் மாட்டும். பந்து நசுங்குவதற்குள் தெரிந்ததால் மச்சானுக்கு எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்தார்கள். நசுங்கியிருந்தால், பெரும்பாலும் செயற்கை மூட்டுதான் கதி.

இன்னொரு சங்கதி. நாம் ‘இடுப்பு வலி’ என்று முதுகின் அடிப்பகுதியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் தெரிவது தொடையிடுக்கில். டாக்டரிடம் வார்த்தையால் சொல்லாதீர்கள், விரலால் தொட்டுக் காட்டுங்கள். முதலில் எக்ஸ்ரே போதும். எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் ‘நார்மல்’ என்று வந்தும் வலி போகவில்லையா? கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல், அதோடு மறுபடி டாக்டரிடம் போங்கள்.

நார்மலாக இருக்க வேண்டியது படம் இல்லை சார், நடை!