புள்ளி வைத்த பக்கம்

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

விடியற்காலையில் அந்தமானின் காளிப்பூர் கடற்கரைக்குப் போயிருந்தேன். அலை ஒதுக்கிய குப்பையில் பாட்டில் மூடி, செருப்பு, வலைத் துண்டு. அவற்றின் நடுவே மூன்று பிளாஸ்டிக் ரேசர்கள். எந்த நாட்டுக் கரையிலிருந்து மிதந்து வந்தனவோ. நான்கு வகைக் கடலாமைகள் ஏறி வந்து முட்டையிடும் மணல் இது. நானும் மாதத்துக்கு நாலைந்து ரேசரைத் தூக்கி எறிகிறவன்தான். மனசு கேட்கவில்லை.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும், அப்பா கொடுத்துவிட்ட பழைய மாடல் ரேசரைப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று பாகம். நடுவில் பிளேடு.

மூன்று வருஷத்துக்கு முன் தென்காசியில் ஒருமுறை இதில் பழக முயன்றேன். வெட்டு விழுந்தது, பிளேடை மாற்றினேன். எரிந்தது, கிரீமை மாற்றினேன். அப்புறம் ரேசரையே மாற்றினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எதனால் வெட்டு விழுகிறது, எதனால் எரிகிறது என்று ஒன்றும் புரியவில்லை, விட்டுவிட்டேன். இந்த முறை எதையும் மாற்றப்போவதில்லை. இதே ரேசர், 7 ஓ'கிளாக் பிளேடு, இதே ட்யூப் கிரீம், இதே பிரஷ். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். ஒரு பிளேடுக்கு நான்கு தடவை.

ஏப்ரல் 21, திங்கள்

இங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது வெளுத்துவிடுகிறது. விளக்கே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

இருபது நிமிஷம் ஆயிற்று. ஐந்து வெட்டு. தாடையில் இரண்டு, தொண்டையில் மூன்று. ராத்திரி போனில் சொன்னேன். அப்பா, "ஏலே, மம்பட்டியா பிடிச்சிருக்க? அமுக்காத. ரேசர் தலைக்கே கனம் உண்டு, அது போதும்" என்றார். பிளாஸ்டிக் ரேசர் எத்தனை வருஷமாக என்னை அழுத்தப் பழக்கியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் தலை லேசாக மடங்கும், அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். இந்த இரும்புத் தலை மடங்காது. சாய்வை நானே பார்த்து வைக்க வேண்டும்.

அப்பா சொன்ன முறை இது. கைப்பிடி தரைக்குக் கிடையாக இருக்கும்படி மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் பிளேடு முடியைத் தொட்டு 'கர்' என்கிறதோ, அதுதான் சாய்வு. அதற்கு மேல் இறக்கக் கூடாது.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் பஜாரில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். போர்ட் பிளேரிலிருந்து சரக்கு வந்திருந்தது. "தம்பி, புதுசா ரெண்டு மூணு பிளேடு வந்திருக்கு, ஒரு பாக்கெட் போட்டுப் பாருங்க" என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கை நீண்டது. நேற்றும் இரண்டு வெட்டு விழுந்திருந்ததால் ஆசை அதிகமாகவே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கட்டி படிகாரம் மட்டும் வாங்கிவந்தேன்.

ஜிர்காடாங்கில் கான்வாய்க்குக் காத்திருந்து, பாராடாங் படகில் ஏறி இறங்கி, ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் வந்துதான் இந்த அலமாரிக்கு எதுவும் சேருகிறது. இன்று இருக்கும் பாக்கெட் அடுத்த மாதம் இருக்கும் என்று உறுதியில்லை. பழகுகிறவனுக்கு இந்த ஊர் நல்ல ஊர் என்றே படுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டு நாள் தாடி. இன்று சவரம் செய்யவில்லை. கண்ணாடி முன் நின்று விரல் நுனியால் முகம் முழுவதும் தடவிப் பார்த்தேன். விரல் வழுக்கினால் முடி வளரும் திசை, சொரசொரத்தால் எதிர்த்திசை. முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு இருக்கிற முகம், இன்றுதான் தெரிந்துகொண்டேன். கன்னங்களில் முடி கீழ்நோக்கி வளர்கிறது. இடது தாடையில் காதுப் பக்கமாகக் குறுக்கே ஓடுகிறது. தொண்டைமணிக்குக் கீழே நேர்மேலாக. நான் தொண்டையில் மேலிருந்து கீழே இழுத்தது எல்லாமே எதிர்ப்போக்கு.

ஒரு காகிதத்தில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு ஜன்னல் ஓரம் ஒட்டினேன். ஊர் சலூன்காரருக்கு இந்தப் படம் வேண்டியிருக்கவில்லை. சின்ன வயசில் அவர் தோல்வாரில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பின்னாளில் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் சொருகும் வழக்கம் வந்தது. எந்தக் கத்தியானாலும் அவருடைய இடது கட்டைவிரல் எங்களுடைய கன்னத்தை முதலில் ஒரு தடவு தடவும். சோப்புத் தடவத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

புதுப் பிளேடு. முதல் பிளேடில் விழுந்த வெட்டுகளை நினைத்துப் பார்த்தபோது ஒரு சந்தேகம். ரேசரைத் திருப்பிப் பிடித்த பிறகுதான் பெரும்பாலும் வெட்டு விழுந்ததோ? மூடியின் ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் புள்ளி வைத்தேன். இன்று ஒரு வெட்டு. புள்ளி வைத்த பக்கம்.

மே 2, வெள்ளி

இன்றும் ஒன்று. மறுபடியும் புள்ளி வைத்த பக்கம்.

ரேசரை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. புள்ளிப் பக்கம் பிளேடு மூடிக்கு வெளியே சற்று அதிகமாக எட்டிப் பார்க்கிறது. மறுபக்கம் உள்ளே ஒதுங்கியிருக்கிறது. ஒரு முனையில் மட்டும் லேசாகக் கோணல் வேறு.

இந்தப் பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தனியே எடுத்தால் காகிதம்போல வளையும். மூடியும் தட்டும் சேர்ந்து அதை வில்லாக வளைத்து இறுக்கும்போதுதான் விறைப்பு வருகிறது. இந்த மெல்லிய பிளேடு கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை; அதற்கு வடிவம் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். இவ்வளவு மெல்லிய எஃகைத் தகடாக்கிக் கூர் ஏற்ற முடியாது என்று பலர் கைவிரித்த வேலை அது. விற்பனை தொடங்கிய 1903இல் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைக்குள் ஏறிய பிறகு உலகமெங்கும் பரவியது. வாங்கிய அந்த 51 பேரும் முதல் நாள் என்னைப் போலவே முழித்திருப்பார்கள்.

தப்பு நான் மாட்டுகிற விதத்தில்தான். கைப்பிடியை நிமிர்த்திப் பிடித்தபடி திருகியிருக்கிறேன். இறுகும்போது பிளேடு ஒரு பக்கமாக நழுவிவிடுகிறது. இப்போது மூடியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். பிளேடின் கூரில்லாத குட்டை ஓரங்களைப் பிடித்து அதன்மேல் பொருத்தி, தட்டை வைத்து, விரலால் அமுக்கிக்கொண்டே கைப்பிடியைத் திருகினேன். திரும்பவும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மெல்லிய கோடு.

அண்ணாச்சி காட்டிய பாக்கெட்டை அன்று வாங்கியிருந்தால், தற்செயலாக அது நேராக உட்கார்ந்திருந்தால், பழைய பிளேடுதான் மோசம் என்று கடைசிவரை நம்பியிருப்பேன்.

மே 6, செவ்வாய்

இந்தப் பிளேடுக்கு நான்காவது தடவை. வெட்டு இல்லை, நான்காம் தேதியும் இல்லை. ஆனால் மேலுதட்டில் முடியை இழுக்கிறது. ஈரமான மென்முடி எஃகை எப்படி மழுக்குகிறது என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் இதற்குப் பதில் எழுதினார்கள். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும், கூர்முனையில் எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் முடி சாய்வாக மோதினால், விளிம்பு நுண்ணிய சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. பிளேடு தேய்வதைவிட உடைவதே அதிகம். முடி நன்றாக ஊறியிருந்தால் வெட்ட அவ்வளவு பலம் வேண்டாம்; இனி நுரை போட்டு இரண்டு நிமிஷம் பொறுக்கப் போகிறேன்.

தீர்ந்த பிளேடை, பவுடர் டின்னின் மூடியில் கீறிய சந்து வழியாகப் போட்டேன். அமெரிக்காவில் பழைய வீடுகளின் மருந்தலமாரியில் இதற்கென்றே ஒரு சந்து இருக்குமாம். போட்ட பிளேடு சுவருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். நம் துப்புரவுத் தொழிலாளியின் கை வெறும் கை. டின் நிறைந்ததும் வாயை நசுக்கி மூடி, பழைய இரும்பு எடுப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படிகாரத்தை ஈர முகத்தில் தேய்த்தால், தோலை அதிகம் சுரண்டிய இடத்தில் மட்டும் சுரீர் என்கிறது. இன்று இடது தாடைக்குக் கீழ் மட்டும்.

மே 13, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து சேடில் பீக் தெரியவில்லை. 732 மீட்டர் மலையை மேகம் முழுசாக விழுங்கிவிட்டது. சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. நிகோபாரிலும் தெற்கு அந்தமான் கடலிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. பக்கத்து வீட்டு வங்காளி பௌதி வாளி, அண்டா எல்லாவற்றையும் கூரைத் தகரத்துக்குக் கீழே வரிசையாக வைத்தார். நானும் ஒரு வாளி வைத்தேன்.

மே 14, புதன்

பைப்பில் தண்ணீர் வரவில்லை. மழைத் தண்ணீரில்தான் சவரம்.

பிரஷ்ஷில் கிரீம் தொட்டுச் சுழற்ற ஆரம்பித்ததுமே வித்தியாசம் தெரிந்தது. வழக்கமாக என் நுரையில் பெரிய பெரிய குமிழியாக இருக்கும். கழுத்துக்கு வருவதற்குள் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிடும். இன்று தோசைமாவு பொங்கியதுபோல் கெட்டியாக, பளபளவென்று நின்றது. பிளேடுக்கு நான்காவது தடவை, இழுக்க வேண்டிய நாள். இழுக்கவில்லை. இடது தாடையில் படிகாரமும் சும்மா இருந்தது.

தண்ணீர் காய்ச்சும் கெண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் படிவு. எங்கள் பைப் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை. ரேசர், பிளேடு, கிரீம், பிரஷ் என்று எழுதி வைத்த நான் தண்ணீரை எழுதவே இல்லை.

மே 16, வெள்ளி

வேண்டுமென்றே பைப் தண்ணீரில் செய்து பார்த்தேன். பிளேடு புதுசு. நுரை மறுபடியும் காய்ந்தது. புதுப் பிளேடாக இருந்தும் இடது தாடையில் சுரீர். கிரீமைக் கூடக் கொஞ்சம் எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம் போலிருக்கிறது.

மே 18, ஞாயிறு

ஒன்பது நிமிஷம். முடி வளரும் போக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. எதிர்ப்போக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. இடது தாடையில் காதை நோக்கி இழுக்கும்போது 'கரகர' சத்தம் மெல்ல அடங்கி, ரேசர் வெறும் தோலில் போவது காதுக்கே தெரிகிறது. அங்கே நிறுத்திவிட்டேன்.

புள்ளி பாதி அழிந்துவிட்டது. திரும்ப வைக்கவில்லை.

வாளியில் மழைத் தண்ணீர் கால்வாசி இருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்கு ஆகும். அண்ணாச்சியிடம் 7 ஓ'கிளாக் இரண்டு பாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.