பாட்டி சாமான் யாருக்கு?

புனே கேல்கர் மியூசியத்துல ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க வஜ்ரி.

வஜ்ரின்னா குளிக்கும்போது பாதம் தேய்க்கிற பித்தளைச் சாமான். அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்கும். மேல மயில், யானை.
குதிகால் தேய்க்க இத்தனை வேலைப்பாடு!
பக்கத்துலயே சீப்பு, மை டப்பி, குங்குமச் சிமிழ்.

மத்திய அமெரிக்காவோட மாயா மக்கள் அழகுக்காகப் பல்லைக் குடைஞ்சு பச்சைக்கல் பதிச்சாங்க, குழந்தை நெத்தியப் பலகை வச்சுத் தட்டையாக்கினாங்கன்னு படிச்சு ஆச்சரியப்படுறோம். நம்ம தெக்கத்திப் பாட்டிங்க பாம்படத்துக்காகக் காது வளர்த்தாங்களே!

ஆனா எனக்கு மனசுல நின்னது இந்த மியூசியத்தை உருவாக்கின தினகர் கேல்கர்தான்.
1920 வாக்குல இந்த மாதிரிப் பொருளைச் சேர்க்க ஆரம்பிச்சவர். சின்ன வயசுல இறந்துபோன மகன் ராஜா பேர்லதான் மியூசியம்.
20,000 பொருளுக்கு மேல. சேர்த்ததை அரசாங்கத்துக்கிட்டயே ஒப்படைச்சுட்டார் மனுஷன்.

நாம நகையைப் பங்கு போடுறோம், பித்தளையை எடைக்குப் போடுறோம். உயில்ல வீடு வரும், நிலம் வரும். சிமிழ் வராது.

சிமிழ் மாதிரிச் சாமானையும் டிரஸ்ட்ல வைக்கலாம்ங்க. 1882 டிரஸ்ட் சட்டம் இருக்கு. எதுக்காக, யாருக்காகன்னு தெளிவா எழுதி, பொருளை டிரஸ்டி பேருக்கு மாத்திக் கொடுக்கணும். வீடு, நிலம்னா பத்திரம் கட்டாயம் பதியணும். பெரிய பணக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க, குடும்பத்துல ஒருத்தர் பொறுப்பா இருந்தா போதும்.

உங்க பாட்டியோட சிமிழ், பாம்படம், சீப்பு எல்லாம் இப்ப யார் வீட்ல இருக்கு? அடுத்து யாருக்குன்னு பேசி வச்சிருக்கீங்களா?