கல்லைப் பார்த்துச் செருப்பு எடு

ரோட்ஸ் துறைமுகம்,
கப்பலிலிருந்து

அன்புள்ள கோமதிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆறு ஜோடி செருப்பு எழுதியிருக்கிறாய். பட்டுப்புடவைக்கு ஒன்று, சுடிதாருக்கு ஒன்று, நீச்சல் குளத்துக்கு ஒன்று, நடக்க ஒன்று, ராத்திரி டின்னருக்கு ஹீல்ஸ், அப்புறம் "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்று. இது கல்யாணத்துக்குப் போகிறவள் போடுகிற பட்டியல். அந்த "எதற்கும் இருக்கட்டும்" ஜோடியை இப்போதே அடித்துவிடு. மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கப்பல் பயணம் என்றதும் நீ கப்பலை நினைத்துச் செருப்பு எடுத்து வைத்திருக்கிறாய். கப்பலுக்குள் எங்கே பார்த்தாலும் கம்பளம், லிஃப்ட், சமதளம். வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு பாதி நாளை ஓட்டிவிடலாம். காலைப் பதம் பார்ப்பது கரைதான். இந்த ஏஜியன் கடலில் இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று இறக்கிவிடுகிறார்கள். ஊருக்கு ஒரு கல். ஏதென்ஸில் பளிங்கு, சாண்டோரினியில் படிக்கட்டு, ரோட்ஸில் கூழாங்கல். கடையில் செருப்பை எடுத்துப் பார்க்கும்போது புடவையின் நிறத்தை மறந்துவிட்டு இந்தக் கற்களை நினைத்துக்கொள்.

ஏதென்ஸில் கப்பல் நிற்பது பிரேயஸ் துறைமுகத்தில். அங்கிருந்து அக்ரோபொலிஸ் குன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். மேலே இருக்கும் பார்த்தினோனைக் கட்டத் தொடங்கியது கி.மு. 447இல், வேலை முடிந்தது கி.மு. 432இல். குன்று சுண்ணாம்புப் பாறை, கட்டடம் பெந்தெலி மலைப் பளிங்கு. இத்தனை காலமாக மனிதக் கால் பட்டுப் பட்டு இரண்டுமே வழவழவென்று ஆகிவிட்டன. நம் கோயில்களில் தளக்கல் கொத்திய கருங்கல், மழையில் நனைந்திருந்தாலும் வெறுங்காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கிற நாளிலேயே வழுக்குகிறது. வாசல் மண்டபத்துப் படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே நெரிசல். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியைத் தேடுவதற்குள் பின்னால் வருகிறவர் முதுகில் இடித்துவிடுகிறார். அங்கே நம்பிக்கைக்கு இருப்பது அடி ரப்பர் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மேலே கான்கிரீட் நடைபாதை போட்டார்கள். பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. தொல்லியல் அறிஞர்கள் கோபப்படட்டும், முழங்கால் வலிக்காரர்கள் சார்பில் அந்தக் கான்கிரீட்டுக்கு என் ஓட்டு உண்டு. நடக்க முடியாதவர்களுக்கென்று 2020 டிசம்பரில் புது லிஃப்டும் திறந்திருக்கிறார்கள். உங்கள் அத்தையைக் கூட்டிப் போனால் வாசலிலேயே அதை விசாரித்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். அதீனா தேவியின் கோயிலுக்குச் செருப்புக் காலோடு ஏறுவது முதலில் மனசுக்கு ஒப்பவே இல்லை. வாசலில் செருப்பு விடும் இடத்தைக் கண் தானாகத் தேடியது. பாறையிலிருந்து கிளம்பிய சூட்டில் அந்தப் பக்தி சீக்கிரமே ஆறிப்போயிற்று.

உன் ஹீல்ஸுக்கு இங்கே சட்டப்படியே இடமில்லை. கிரேக்கத்தின் தொல்லியல் இடங்களில் குதிகால் உயர்ந்த செருப்புக்கு 2009 முதல் தடை. காரணம் நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்: பரப்பளவு குறைந்தால் அழுத்தம் கூடும். உடம்பின் எடை முழுவதும் பொத்தான் அளவு குதிகால் நுனி வழியாக இறங்கினால் பளிங்கு பொறுக்காது. உன் கணுக்காலும் பொறுக்காது என்பது நான் சேர்த்துக்கொள்வது.

சாண்டோரினி வேறு கதை. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. ஆழம் அதிகம் என்பதால் பெரிய கப்பல்கள் கரையை அணைவதில்லை, சிறு படகில் பழைய துறைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். படகும் மேலும் கீழும் ஆடும், துறைக்கல்லும் ஈரமாக இருக்கும். பணியாளர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார் என்றாலும் கால் வைக்கப்போவது நீதான். பின்வார் இல்லாத செருப்பு அந்த நேரத்தில் காலைவிட்டுக் கழன்றால் போய்ச் சேருமிடம் கடல்.

துறையிலிருந்து ஃபிரா ஊர் செங்குத்துப் பாறையின் உச்சியில், ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போக மூன்று வழி: கேபிள் கார், கழுதை, நடை. நடந்தால் 588 படி. படி என்றால் நம் வீட்டுப் படி இல்லை, அகலமாக, சரிந்து, கல் பதித்துப் போட்டது. அதே படியில்தான் கழுதைகளும் ஏறி இறங்குகின்றன. சாணமும் மூத்திரமும் தேய்ந்த கல்லும் சேர்ந்தால் எப்படி வழுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுதை மேல் ஏறுவதை விட்டுவிடு. பாவம், அந்தப் பிராணிகள் வெயிலில் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் 2018இல் கிரேக்க அரசு எடைக் கட்டுப்பாடே கொண்டுவந்தது: 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று கப்பல் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கேபிள் காருக்கு வரிசை நீளும். பொறுமை இழந்து, "இறங்குவதுதானே, நடந்தே போய்விடலாம்" என்று யாராவது கிளப்புவார்கள். இவரும் கிளப்பினார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் வழுக்கும். அப்படி இறங்கியே ஆக வேண்டுமென்றால் பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பர் அடியுள்ள, விரல் மூடிய ஷூ வேண்டும். தோல் அடிச் செருப்போடு அந்தப் படியில் கால் வைக்காதே.

மைக்கோனோஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டைக் கல் பாவி, இடுக்குகளில் வெள்ளை அடித்த சந்துகள். எந்தச் சாதாரண செருப்பும் போதும். அங்கே காலைவிடப் பர்ஸுக்குத்தான் காவல் வேண்டும்.

துருக்கிப் பக்கம் குஷாதாசியில் இறங்கினால் பைபிளில் வரும் எபேசு பட்டணத்துக்குப் போகலாம். வழக்கமாக மேல் வாசலில் விட்டுக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்கிறார்கள், அதனால் நடை முழுக்க இறக்கம். ரோமர் காலத்துப் பளிங்குத் தெரு, இரண்டு பக்கமும் உடைந்த தூண்கள், இறக்கத்தின் முடிவில் செல்சஸ் நூலகம். எல்லாரும் நூலகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள், தெருவோ சரிவு. நின்று பார், அல்லது நடந்து போ. இரண்டையும் சேர்த்துச் செய்கிற இடம் இல்லை அது. நூலகத்தைத் தாண்டிப் போகும் தெருவில் ஒரு கல்லில் பாதம் ஒன்று செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் ஒரு பெண்ணின் உருவம். தாசி வீட்டுக்கு வழிகாட்டும் விளம்பரம் அது என்றும், இந்தப் பாதத்தைவிடக் கால் சிறிதாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குச் சரி, சரித்திரம் என்று எடுத்துக்கொள்ளாதே. பக்கத்தில் செல்ச்சுக் ஊரில் ஈசா பே மசூதிக்கும் போனால், அங்கே காலணியைக் கழற்ற வேண்டும். உயரமான ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் குனிந்து நிமிர்வதற்குள் நாங்கள் உள்ளே போய்வந்துவிட்டோம்.

இன்று ரோட்ஸ். கோட்டைச் சுவருக்குக் கீழேயே கப்பல் நிற்கிறது, வண்டியே வேண்டாம். 1309 முதல் 1522 வரை சிலுவை வீரர்களின் ஒரு சபை ஆண்ட ஊர் இது. அந்த வீரர்களின் பெயரிலேயே இருக்கிற தெருவில் கூழாங்கற்களை நிறுத்திவைத்துப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. மெல்லிய அடியுள்ள செருப்பில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் பெயர் சொல்லும். இங்கே வழுக்கல் இல்லை, குத்தல். கனமான அடி ஏன் வேண்டும் என்பது ஏதென்ஸில் புரியாதவர்களுக்கு ரோட்ஸில் புரியும்.

ஆக உனக்கு வேண்டியது, பழகிய ஷூ ஒரு ஜோடி. பழகிய என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பெட்டி பிரிக்காத புது ஷூவைக் கப்பலில் போட்டுப் பழகலாம் என்று நினைக்காதே. செருப்புக் கடி ஊரிலேயே தாங்காது, கடல் கடந்து வந்தா வாங்கிக்கொள்வது? இப்போதே வாங்கி, தினம் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போ. சாயங்காலம் கடைக்குப் போ, நாள் முழுக்க நின்று நடந்த கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். விமானத்தில் உட்கார்ந்து வந்த காலும், வெயிலில் நடந்த காலும் அதே மாதிரி வீங்கும்.

கடைக்காரப் பையன் சொல்லாத இன்னொன்று, மெட்டி. மூடிய ஷூவுக்குள் மெட்டி இருந்தால் பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கிவிடும். கழற்ற உனக்கு மனம் வராது, எனக்கும் வரவில்லை. அதனால் விரல் பக்கம் அகலமான ஷூவாகப் பார். கடையில் போட்டுப் பார்க்கும்போதே மெட்டியோடும், நீ போடப்போகிற சாக்ஸோடும் போட்டுப் பார். கொலுசை மட்டும் ஊரில் வைத்துவிட்டு வா. விலையைப் பற்றிக் கவலைப்படாதே. ஐரோப்பாக் கடைகளுக்குப் போகிற தோல் ஷூக்களில் நம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தைத்தவையும் உண்டு. ஊரிலேயே நல்லது கிடைக்கும், இங்கே வந்து யூரோவில் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, பின்வார் உள்ள ரப்பர் சாண்டல். படகுக்கும், கடற்கரைக்கும், நீச்சல் குளத்தை ஒட்டிய ஈரத் தளத்துக்கும் அது ஒன்றே போதும். சாண்டோரினியின் கறுப்பு மணல் கடற்கரையில் உச்சி வெயிலில் வெறுங்காலை வைத்துப் பார்க்காதே, வைத்த வேகத்தில் எடுத்துவிடுவாய். உப்புத்தண்ணீரில் தோல் செருப்பு விறைத்து வீணாகிவிடும், அதனால் ரப்பரே நல்லது.

மூன்றாவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டையான அலங்காரச் செருப்பு. பல கப்பல்களில் பெரிய உணவுக்கூடத்துக்கு ரப்பர் செருப்போடு வரக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. பட்டுப்புடவைக்கு உன் தங்க நிறச் செருப்பே போதும், கீழே கொசுவம்தான் மறைக்கிறதே. ஹீல்ஸ் போட்டு வருகிற வெள்ளைக்காரப் பெண்கள், காற்று எழும்பிக் கப்பல் லேசாக அசையும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

அண்ணாச்சியிடம் சொல், அந்தக் கறுப்பு ஆபீஸ் ஷூ வேண்டாம். அடர் நிறத்தில் நடை ஷூ ஒன்று வாங்கினால் மலைக்கும் அதுவே, டின்னருக்கும் அதுவே. இவர் அப்படித்தான் வந்திருக்கிறார், யாரும் குனிந்து பார்க்கவில்லை.

படுக்கைப் பக்கத்தில் மூடிய ஷூ ஒன்று எப்போதும் இருக்கட்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதி இறுகி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்று ஆயிற்று. அந்தப் பயிற்சிக்கு ரப்பர் செருப்பில் ஆடி அசைந்து வருகிறவர்களைப் பார்த்தால், நிஜமாகவே மணி அடித்தால் இவர்கள் படியில் எப்படி ஓடுவார்கள் என்று தோன்றுகிறது.

பெட்டி விஷயம் இரண்டு சொல்லி முடிக்கிறேன். கப்பலேறும் அன்று பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்பச் சில மணி நேரம் ஆகிவிடும், சாண்டலைக் கைப்பையில் வைத்துக்கொள். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லி எடுத்துப் போய்விடுவார்கள். எல்லாச் செருப்பையும் ஒழுங்காக அடுக்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் காலையில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் உண்டாம். கனமான ஷூவைக் காலிலேயே போட்டு வந்தால் இரண்டு கவலையும் இல்லை, விமானத்தில் எடையும் மிச்சம்.

அத்தைக்குக் குனிந்து கயிறு கட்ட முடியாது. ஒட்டுப்பட்டை போட்ட அகல ஷூ இந்த வாரமே வாங்கிக் கொடு. "இந்த வயசில் ஷூவா" என்று முதலில் மறுப்பார், விடாதே. புறப்படும் முன் நம் தெருவிலேயே தினமும் நடந்து பழகட்டும்.

அன்புடன்,
வசந்தா