ஸ்க்ரோல் கட்டை


ஜாவா ஸ்விங் லேபில் வருஷா வருஷம் கேட்ட குரல் ஞாபகம் இருக்கிறதா? "சார், டேபிள் வருது, தலைப்பு வரிசை வரல!" ஜேடேபிளை நேரே ஃபிரேமில் போட்டால் தலைப்பு வராது. ஜேஸ்க்ரோல்பேனுக்குள் வைத்தால் தானாக வரும். பெயர்கள் நகர்ந்தாலும் தலைப்பு மேலேயே நிற்கும்.

உள்ளே 500 வரிகள் இருந்தாலும் திரையில் தெரிவது 20தான். மீதி அழிந்துபோகவில்லை. ஸ்க்ரோல் பட்டையில் நகரும் கட்டை எவ்வளவு சிறியதோ, நாம் பார்க்காதது அவ்வளவு அதிகம்.

இந்த வாரம் உங்களில் பலர் வீட்டில் பிளஸ் டூ ரிசல்ட். மதிப்பெண் என்பது திரையில் தெரியும் அந்த 20 வரி. பிள்ளைக்கு வயது 17. கட்டை இன்னும் ரொம்பச் சின்னது. திட்டும் முன் அதைப் பாருங்கள்.