என்ன வேலை பார்த்தீர்கள்?

காரவள்ளியில் இறங்குவோர் குறைவு. மேலே செல்லும் பேருந்துகளுக்கு இது சற்றே மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். இங்கிருந்துதான் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்பது நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் ஒன்று. ஏறிப் பார்ப்பது எப்போதாவதுதான். 'கொல்லி' என்ற பெயருக்கே உயிரைக் கொல்லும் மலை என்று பொருள் சொல்வோர் உண்டு. அங்கே இராத்தங்கினால் காய்ச்சல் பற்றிக்கொள்ளும் என்று எங்கள் பாட்டி உறுதியாக நம்பினார். மலேரியாவுக்கு நம்மவர் இட்ட பெயரே மலைக்காய்ச்சல். பழி மலையின் மேல். இத்தாலியர் இட்ட பெயருக்குக் கெட்ட காற்று என்று பொருள். பழி காற்றின் மேல். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்ட பின்னரே மலையும் காற்றும் பழியிலிருந்து விடுபட்டன. ஆயினும் முன்னோர் முற்றிலும் தவறவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. இடத்தைச் சரியாகத்தான் சந்தேகித்தார்கள். அங்கே ஒளிந்திருந்த குற்றவாளியைத்தான் காணத் தவறினார்கள்.

இவற்றையெல்லாம் உடன்பிறந்த நாங்கள் இருவரும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது எங்கள் மூத்த அண்ணனால்.

ஒரு மார்கழி விடியலில் சோளக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார் வாங்க அவருடன் சென்றிருந்தோம். பேருந்து பாதி மலை ஏறியிருக்கும். சன்னல் கம்பியைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்கள் சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்தன. சற்று நேரத்தில் நீலம் பாரித்தன. சந்தையில் சூடான தேநீர்க் குவளையைப் பற்றிய பின் செக்கச் சிவந்து, தீப்பட்டதுபோல் எரிந்தன. "கீழ்நாட்டு உடம்பு; மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிரிப்பதே அவருக்குக் கடினமாயிற்று. கைகளின் தோல் இறுகிப் பளபளத்தது. முட்டி மடக்க முடியவில்லை. முகத்துச் சுருக்கங்கள் மறைந்து, வாய் சிறுத்து, சோற்று உருண்டை நுழைய மறுத்தது. விரல் நுனிகளில் ஆறாத புண்கள். தொழுநோய் என்று முதலில் காதோடு காதாகவும் பின்னர் வெளிப்படையாகவும் பேசினார்கள். மந்திரித்தோம், எண்ணெய் தடவினோம். ஞாயிறு திருப்பலியில் எல்லாரும் கைகுவித்து நிற்க, அண்ணனின் உள்ளங்கைகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. அறியாதவர்கள் அதைச் செருக்கு என்றார்கள். பங்குத் தந்தை அப்பத்தைச் சிறு துணுக்காகப் பிட்டு அவர் நாவில் வைப்பார். எந்தப் பாவம், யார் இட்ட சாபம் என்று எங்களைக் கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேறு எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

பல மருத்துவர்கள் குடியைப் பற்றியும் புகையைப் பற்றியும் கேட்டார்கள். கடைசியாகச் சேலத்தில் வாதநோய் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர், விரல்களைத் தம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, வேறொன்றைக் கேட்டார்: "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கல்லு மாவு மில்லுலங்க. பதினாலு வருசம்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக்கல்லை உடைத்து, மாவாக அரைத்து, மூட்டை பிடித்து அனுப்பும் ஆலை அது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அந்த மாவு வேண்டும். அண்ணன் மாலையில் தலை முதல் கால் வரை வெள்ளையாக வருவார். மூக்கில் கட்டிய துண்டு மட்டும் ஈரமாக இருக்கும். "வானதூதர் வந்துவிட்டார்" என்று அம்மா கேலி செய்வார். அண்ணி வாசலில் நின்று சட்டையை உதறுவார். திண்ணையில் அமர்ந்திருந்த நாங்களும் அதில் இரண்டொரு தும்மல் தும்மிவிட்டு எங்கள் பேச்சைத் தொடர்வோம்.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுமாம். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கும். அங்கே காவல் நிற்கும் அணுக்கள் அதை வந்த பகைவன் என்று விழுங்குகின்றன. கல்லைச் செரிக்க முடியாமல் அவை மடிகின்றன. துகள் வெளியேறி அடுத்த காவலனுக்கு இரையாகிறது. ஆண்டுக்கணக்கில் ஓயாத இந்தப் போரில் சிலருடைய எதிர்ப்பு ஆற்றல் தடுமாறி, சொந்த உடலின் பொருள்களையே பகையென்று குறித்துக்கொள்கிறது. தன்னெதிர்ப்பு நோய் என்பது அதுதான். மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம்; பல உறுப்புகளை ஒருங்கே தாக்கினால் லூப்பஸ்; தோலையும் நுரையீரலையும் இறுக்கினால் அண்ணனுக்கு வந்த ஸ்கிளிரோடெர்மா. பொதுவாக இவை பெண்களுக்கே மிகுதியாக வருபவை. ஓர் ஆணுக்கு வந்தபடியால்தான் தொழிலைக் கேட்கத் தோன்றியது என்றார் மருத்துவர்.

அதுவொன்றும் புதிய கேள்வியன்று. இத்தாலியில் பெர்னார்டினோ ராமசீனி என்ற மருத்துவர், நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1700-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். கல்தச்சர்களின் நோய்களும் அந்நூலில் உண்டு. எடின்பரோவில் பிராம்வெல் என்பவர் 1914-இல், தோல் இறுகும் இந்நோய் கல்தச்சர்களிடம் தென்படுவதைக் குறித்து வைத்தார். 1957-இல் எராஸ்மஸ் என்பவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் இதையே கண்டார். கல்தூசியால் வரும் ஸ்கிளிரோடெர்மாவுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. முந்நூறு ஆண்டுகளாக நூல்களில் இருந்த ஒரு கேள்வி காரவள்ளி வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

அப்படியானால் அதே ஆலையில் அரைத்த மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? நாங்களும் கேட்டோம். விதை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பதே கிடைத்த விடை. அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர் 1964-இல் தம் 39-ஆம் வயதில் லூப்பஸால் இறந்தார். அவருடைய தந்தையும் 1941-இல் அதே நோயால் இறந்தவர். குருதிவழி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையரில் ஒருவருக்கு லூப்பஸ் வந்தால் மற்றவருக்கு வராமல் போவதே மிகுதி என்கிறார்கள். ஆகவே பிறப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. புறத்தே ஏதோ ஒன்று வந்து தட்டுகிறது. 1981-இல் ஸ்பெயின் நாட்டில், தொழிற்சாலைக்கென்று அனிலின் கலந்து வந்த கடுகினத்து எண்ணெய் சமையலுக்கு விற்கப்பட்டது. உண்டவர்களில் 20,000 பேர் வரை நோயுற்றார்கள். 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குப் பின்னாளில் தோல் இறுகியது. அவர்கள் நோயுற்றது கல் உடைத்ததால் அன்று. தட்டிய கை எண்ணெயினுடையது என்பது உறுதியாயிற்று. எண்ணெயில் இருந்த எப்பொருள் என்பதை மட்டும் ஐயமற நிறுவ முடியவில்லை.

இதைப் படித்த பிறகு எங்களுக்கு எதைக் கண்டாலும் ஐயம். பூச்சிமருந்து, சாயம், நெகிழி என்று எல்லாவற்றையும் கூண்டிலேற்றினோம். காலையில் எங்கள் முழங்கால் பிடித்துக்கொண்டால், அண்ணி உதறிய சட்டை நினைவுக்கு வரும். மருத்துவர் சோதித்துவிட்டு, "இது வயசுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாச் சந்தேகமும் ஒரே எடை உடையதன்று என்று அவர்தாம் எங்களுக்குச் சொன்னார். பலவற்றுக்குச் சான்று இன்னும் மெலிந்தது, கல்தூசிக்கு வலுவானது. முடக்குவாதத்தில் புகையிலைக்கும் அவ்வாறே.

வலுவான சான்று அலுவலகத்தில் எடுபடவில்லை. ஆலை கைமாறியிருந்தது; அண்ணனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் கையிலிருந்த சட்டப் பட்டியலில் கல்தூசியால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸுக்கு இடமிருந்தது. தோல் இறுகுவதற்கு இடமில்லை. மூன்று முறை நடந்தோம். நான்காம் முறை அண்ணன் வர மறுத்துவிட்டார். நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. மருந்துகள் நுரையீரல் இறுகுவதைத் தாமதப்படுத்துகின்றன. விரல்களுக்குக் குருதி ஓட மாத்திரை உண்டு. பங்குனி வெயிலிலும் சில காலைகளில் கம்பளிக் கையுறையோடு திண்ணையில் அமர்ந்திருப்பார். பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

சென்ற ஆண்டு அவருடைய மகனுக்கு வேறோர் ஆலையில் வேலை தருவதாக ஆள் வந்து சொல்லிப் போனார். கூலி நன்று. நாங்கள் குதித்தோம்; அண்ணி அழுதார். அண்ணன் மட்டும் அமைதியாக, "போய்ப் பாரு சாமி. தண்ணி தெளிச்சு அரைக்கிறாங்களா, தூசி இழுக்கற மிசின் ஓடுதா, அதை மட்டும் பார்த்துட்டு வா" என்றார்.

மாலையில் வந்தான். எதுவும் சொல்லவில்லை, இமைமயிர் வெளுத்திருந்தது. அண்ணி வாளி நிறைய நீருடன் வாசலிலேயே நின்றார். சட்டையை உதறவிடாமல் கழற்றி, அப்படியே அதில் அமிழ்த்தினார். மறுநாள் விடியலில் அவன் மலைக்குப் போகும் முதல் பேருந்தில் ஏறினான். மேலே மிளகுத் தோட்டத்தில் கூலி பாதிதான்.