வெனிஸில் விமானம் பிடித்தோம்

வெனிஸ் நகரில் விமானம் பிடிக்கப் புறப்படுகிறவர் முதலில் மோட்டார் வண்டியை மறந்துவிட வேண்டும். ஊருக்குள் வண்டி புக வழியில்லை. பாலங்களோ நானூறுக்கு மேல், பெரும்பாலும் படிக்கட்டுகள் வைத்தவை. பெட்டியுடன் நாலு பாலம் ஏறி இறங்கியதும் நமக்கு மூச்சு வாங்கியது.

விமான நிலையம் உப்பங்கழிக்கு அப்பால், எதிர்க்கரையில் இருக்கிறது. ஊரின் மேற்கோரத்துக்குச் சென்று பஸ் ஏறினால், 1933-ல் திறந்த நெடும்பாலத்தின் வழியே அரை மணிக்குள் போய்விடலாம். நாமோ ஆசைப்பட்டுப் படகில் ஏறினோம். கால்வாயில் அது நத்தையாய் ஊர்ந்தது.

"சற்று விரைவாகப் போகலாகாதா, ஐயா?" என்றோம்.

படகோட்டி இருபுறத்து வீடுகளையும் சுட்டிக்காட்டினார். படகு விரைந்தால் எழும் அலை அஸ்திவாரங்களை அரிக்குமாம். ஆகவே வேகத்துக்குச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. நம் அவசரத்துக்காக ஒரு நகரம் கரையலாமா? வாய் மூடி அமர்ந்தோம். உப்பங்கழியில், நட்டிருந்த மரக்கம்பங்களே வழிகாட்டின.

கடைசி நிமிஷத்தில் விமானம் கிடைத்தது. அந்த நிலையத்துக்கு மார்க்கோ போலோவின் பெயர். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பற்றி விவரித்தவர். 1271-ல் புறப்பட்டு 1295-ல் ஊர் திரும்பியவர். நாம் பதைத்ததோ, அரை மணி நேரத்துக்காக!